ஆப்பிரிக்கப் படவிழாவும் மாடிப் போர்ஷனும்

செங்கல்பட்டில் ஆப்பிரிக்கப் படவிழா நடத்தினோம் என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நடத்தினோம். மூன்று நாள். ரெண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. மார்கழி மாதம் என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் மார்கழியில்தான் கல்யாண மண்டபம் காலியாக இருக்கும். சும்மா பூட்டி வைப்பதற்கு இவர்களுக்குக் கொடுக்கலாம் என்று மண்டபக்காரர் நினைத்தார். முதல் இரண்டு நாள் அங்கே கதைப்படங்கள். மூன்றாம் நாள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் ஆவணப்படங்கள்.

எங்கள் திரைப்படச் சங்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிறந்தது. கல்பாக்கத்திலிருந்து வரும் இரண்டு எஞ்சினியர்கள், ஒரு பள்ளி ஆசிரியர், ஊரில் பல் பிடுங்கும் டாக்டர் ஒருவர், நான். டாக்டர்தான் செயலாளர். அந்தக் காலத்தில் படச்சுருள்கள் தகரப் பெட்டியில் சென்னையிலிருந்து பஸ்ஸில் வரும். ஒருமுறை கண்டக்டர் இறக்க மறந்து பெட்டி திண்டிவனம் வரை போய்விட்டது, கூட்டத்தைக் கலையவிடாமல் இருக்க டாக்டர் ஒன்றரை மணி நேரம் பல் பராமரிப்பு பற்றிப் பேசினார். விழா நடந்த காலத்தில் எல்லாம் டிவிடி என்னும் வட்டத் தகடுகளாக மாறியிருந்தன. ஒரு தோள்பையில் ஒரு கண்டமே அடங்கிவிட்டது.

சங்கத்தில் என் வேலை மைக். எங்கள் பார்வையாளர்களில் பாதிப் பேருக்குத் திரையின் அடியில் ஓடும் ஆங்கிலத்தை அவ்வளவு வேகத்தில் படிக்க வராது. ஆகவே நான் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். பிழைப்புக்கும் நான் செய்தது அதே வேலைதான். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். சாட்சி சொன்னது எதுவோ அது மட்டும்தான் தாளில் ஏற வேண்டும், என் சொந்தச் சரக்கு ஒரு சொல்கூட அதில் இருக்கக் கூடாது. சினிமாவிலும் அப்படியே. திரையில் ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள், நான் ரேஷன் கடையில் கார்டு எண் கூப்பிடுகிற குரலில், "ஐயோ, என் மகனே, எங்கே போனாய்" என்பேன். இழவு வீட்டில்கூட இவ்வளவு மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள் என்று கல்பாக்கத்து எஞ்சினியர் சொல்வார். எனக்கு அதில் பெருமைதான்.

ஆப்பிரிக்கப் படவிழாவை ஓர் ஆப்பிரிக்கர்தான் தொடங்கி வைக்க வேண்டும் என்று டாக்டர் பிடிவாதமாக இருந்தார். பொத்தேரியில் பெரிய கல்லூரி இருக்கிறது, அங்கே வெளிநாட்டு மாணவர்கள் நிறைய. இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள். மின்சார ரயிலில் வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மெஸ்ஸில், நல்ல உயரமான ஆப்பிரிக்க இளைஞன் ஒருவன் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, "அண்ணாத்த, சால்னா இன்னும் கொஞ்சம் ஊத்து. இன்னா, தண்ணியா கீது?" என்று முதலாளியை அதட்டிக்கொண்டிருந்தான். நான் அடுக்கி வைத்திருந்த ஆங்கிலம் அப்படியே சரிந்தது.

அவன் தான்சானியாக்காரன். எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"ஆப்பிரிக்கப் படமா? எங்க ஊர்ல இந்திப் படந்தான் சார் பாப்போம். நீங்க சொல்ற நாடெல்லாம் மேற்குக் கடற்கரை, எங்க ஊரு கெழக்கு. நான் அந்தப் பக்கம் போனதே இல்ல."

டாக்டரிடம் வந்து சொன்னேன். "அதனாலென்ன, அவரும் ஆப்பிரிக்காதானே" என்றார். காஷ்மீரில் நடக்கிற விழாவுக்கு ஒரு செங்கல்பட்டுக்காரனைக் கூப்பிட்டு, பனியைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்பது போலத்தான். ஆனால் அப்போது எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

முதல் நாள் சாயங்காலம் அவனைக் குத்துவிளக்கு ஏற்ற வைத்தோம். பொன்னாடை போர்த்தினோம். மாமல்லபுரத்துக் கல் யானை ஒன்றைக் கையில் கொடுத்தோம். ஆசிரியர் வரவேற்புரையில், கருப்பர் வெள்ளையர் பேதமில்லாமல் மனித குலம் ஒன்று என்றார். அடுத்து நான் பேசினேன். எல்லைகள் மனதில்தான் இருக்கின்றன என்றேன். கைதட்டினார்கள். அவன் எழுந்து, "நான் மழ பேயுற ஊர்க்காரன். இந்தப் படத்துல பாலைவனம் வருதாம். உங்க கூட குந்திக்கினு நானும் மொத தபா பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அன்று பேசியவர்களில் உண்மையைப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், எங்க அண்ணன் ஊர்ல இதே வேலதான் பாக்குது" என்றான்.

அவர்கள் ஊரில் வீடியோ கொட்டகைகள் உண்டாம். தகரக் கூரை, மரப் பெஞ்சு, ஒரு டிவி. இந்திப் படமோ சீனச் சண்டைப் படமோ ஓடும்போது அவன் அண்ணன் மைக்கைப் பிடித்து சுவாஹிலியில் சொல்வானாம். சும்மா சொல்வதில்லை. பின்னாலிருந்து கத்தியோடு வருபவனைப் பற்றிக் கதாநாயகனுக்கு எச்சரிக்கை கொடுப்பான், வில்லனின் அம்மாவை இழுத்துத் திட்டுவான், அழுகைக் காட்சி வருவதற்கு முன்னாலேயே பெண்களைக் கைக்குட்டை எடுத்து வைக்கச் சொல்வான்.

"அது மொழிபெயர்ப்பே இல்லையேப்பா" என்றேன்.

"இல்லதான் சார். ஆனா ஜனம் எங்க அண்ணனுக்காவத்தான் வரும், படத்துக்கு இல்ல."

எனக்கு அன்று ஜலதோஷம். இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் தாண்டுவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. அவன் மெதுவாக என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். திரையில் ஒருவன் மாட்டை விற்றுவிட்டு வீட்டுக்கு வருகிறான், மனைவி வாசலில் நிற்கிறாள். அடியில் ஓடிய வரி, "எங்கே போயிருந்தாய்" என்பது மட்டும்தான். இவன் பொத்தேரி மெஸ் தமிழில் ஆரம்பித்தான்: "வந்துட்டாரு தொர. மாட்டையும் காணோம், மூஞ்சில களையும் காணோம். மவனே, இன்னிக்கு உனக்கு நாஸ்தா கெடையாது."

மண்டபம் குலுங்கியது. பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த மண்டபக்காரர் எழுந்து உட்கார்ந்தார். கடைசியில் அந்த மனைவி சாகும்போது அவன் ஒன்றுமே சொல்லவில்லை, மைக்கைக் கீழே வைத்துவிட்டான். அப்போது மூக்கை உறிஞ்சும் சத்தம் நாலா பக்கமும் கேட்டது. பதினைந்து வருடமாக நான் படித்த எந்தப் படத்துக்கும் யாரும் அழுததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதே அளவுக்கு அவனைப் பிடித்தும் போயிற்று.

படம் முடிந்து மண்டபத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் தன் சங்கடத்தைச் சொன்னான். அவனும் மூன்று நண்பர்களும் குடியிருந்த பொத்தேரி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். ஹாஸ்டலில் இடமில்லை. நண்பர்கள் மூவரும் தெரிந்தவர்கள் அறையில் ஆளுக்கொரு பக்கம் ஒண்டிக்கொண்டார்கள். இவனால் அப்படி ஒண்ட முடியாது. இந்த மாதக் கடைசியில் இவனுடைய தங்கும் அனுமதி முடிகிறது. அதை நீட்டிக்க, இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று ஒரு வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அது இல்லையென்றால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். பதினோரு வீடு பார்த்தாயிற்று. போனில் காலி என்று சொல்கிறவர்கள் நேரில் பார்த்ததும் இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்கிறார்களாம்.

"சார், உங்க வூட்டு மாடி காலியா கீதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றான்.

உண்மைதான். எங்கள் மாடிப் போர்ஷன் நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. ஒரு ஹால், ஒரு ரூம், தனிப் படிக்கட்டு.

"வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றம்பா" என்றேன்.

நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், மிளகு ரசம் தொண்டைக்கு இதமாக இருந்தது, படுத்துக்கொண்டேன். என் மனைவி மறுப்பாள் என்று நினைத்து நான் கேட்காமல் இருந்ததாகச் சொன்னால் அது பொய். ஒருவேளை சரி என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை. எங்கள் தெரு குறுகலானது. எதிர்வீட்டில் ஒரு ரிட்டயர்டு தாசில்தார், அவர் தெருவுக்கே சட்டம் சொல்கிறவர். மாடியிலிருந்து இவன் இறங்கி வருவதை அவர் சாய்வு நாற்காலியிலிருந்து பார்ப்பது, மறுநாள் பால் பூத்தில் என்னை நிறுத்தி விசாரிப்பது, இதெல்லாம் எனக்கு வரிசையாகத் தெரிந்தது. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்பார்கள். மேடையில் நான் எல்லைகளை அழித்து அப்போது ஐந்து மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் மண்டப வாசலிலேயே காத்திருந்தான். "வூட்ல ஒத்துக்கலப்பா" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் எல்லோரிடமும் இருக்கிற வாக்கியம் இது. சீட்டில் சேரச் சொன்னாலும், பைக்கை இரவல் கேட்டாலும், கோயில் கமிட்டிக்குக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லித் தப்பிக்கலாம். கேட்டவரும் அதற்கு மேல் வற்புறுத்த மாட்டார், போய் விசாரிக்கவும் மாட்டார். வீட்டில் இருப்பவளுக்கோ தன் பெயரில் இத்தனை மறுப்புகள் ஊரில் உலவுவது தெரியவே தெரியாது. நானே கல்யாணமான நாளிலிருந்து ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

"பரவால்ல சார்" என்றான் அவன். "அக்காவுக்குப் பயமா இருக்கும். கரெக்ட்டுதான்."

அன்றும் அவன்தான் மைக் பிடித்தான். நேற்று வந்தவர்கள் வீட்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாற்காலி போதவில்லை. நான் பின்னால் நின்று கேட்டேன். அவனுடைய தமிழில் ஒரு வரிகூட மூலத்தில் இருந்தபடி இல்லை, ஆனால் திரையில் இருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் ஒரு வேன் ஏற்பாடு செய்திருந்தார். கடற்கரை என்பதால் குடும்பங்களும் வந்தன. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு படத்துக்கும் வராத என் மனைவியும் டாக்டர் மனைவியோடு சேர்ந்து ஏறிக்கொண்டாள். அவன் பொத்தேரியிலிருந்து நேராகப் பஸ்ஸில் வருவதாக இருந்தது. இரண்டு பேரையும் பேசவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

வலை காயப்போடும் இரண்டு கம்பங்களுக்கு நடுவில் வேட்டியைத் திரையாகக் கட்டி, பொழுது சாய்ந்ததும் படத்தை ஆரம்பித்தோம். மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை மீனவர்களைப் பற்றிய ஆவணப்படம். வண்ணம் பூசிய நீள நீளப் படகுகள், ஒவ்வொன்றிலும் முப்பது பேர். நான் எதிர்பார்த்தது, அவர்களும் நம்மைப் போலவே என்று குப்பத்து ஜனங்கள் உருகுவார்கள் என்பது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து திரையைப் பார்த்துக் கத்தினார்.

"த்தா, மோட்டார எங்க மாட்டிக்கினு கீறான் பாரு! அங்க மாட்டுனா அலையில தண்ணி ஏறாதா? எவன்டா இவனுக்குச் சொல்லிக் குடுத்தது?"

இன்னொருவர் மறுத்தார். ஏறாது, படகின் நீளத்துக்கு அதுதான் சரி என்றார். சண்டை வலுத்தது. தான்சானியாக்காரன் மைக்கில், "அண்ணாத்த, கொஞ்சம் குந்து. அவன் கரைக்கு வர்றானா முழுவுறானான்னு பாத்துடலாம்" என்றான். படத்தில் இருந்த படகோட்டி பத்திரமாகக் கரை சேர்ந்ததும் இரண்டாம் ஆள் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். கரையில் பெண்கள் மீனைப் புகை போடும் காட்சியில், அவன் ஒவ்வொருத்தியும் மற்றவளைப் பற்றி என்ன கோள் சொல்லியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டே போனான். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

தகடு மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் இடைவெளி. நான் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தேன். திரும்புவதற்குள் என் மனைவி சுண்டல் டப்பாவோடு அவன் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"இன்னாபா, டாக்டர் வூட்டம்மா வேன்ல சொன்னாங்க, நீ வூடு தேடிக்கினு கீறியாமே? எங்க மாடி சும்மாத்தான் பூட்டிக் கெடக்குது. வந்து தங்கேன். இவுரு உன்கிட்ட சொல்லலியா?"

அவன் என்னைப் பார்த்தான்.

நான் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவன். ஒரு மனிதனுக்கு உண்மையிலிருந்து பொய்க்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இவனுக்கு அந்த நேரம்கூடத் தேவைப்படவில்லை.

"சொன்னாருக்கா. சாரு அன்னிக்கே சொல்லிட்டாரு. எனக்குத்தான் வேற எடம் கெட்ச்சிருச்சு."

"அப்பிடியா? நல்லதாப் போச்சு. சுண்டல் துன்னு" என்றாள் அவள்.

வேறு இடம் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் எஞ்சினியரிடம் கல்பாக்கத்துப் பக்கம் புதுப்பட்டினத்தில் ஏதாவது அறை இருக்குமா என்று அவன் விசாரித்ததை என் காதால் கேட்டேன். அவனுக்கு வேண்டிய வீடு அவன் முன்னால் வந்து நின்றது. என் மனைவி எதிரில் என் மானம் போகக் கூடாது என்று அதை வேண்டாம் என்று சொன்னான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தகடு சுழல ஆரம்பித்துவிட்டது, விளக்கை அணைக்கச் சொன்னார்கள், நான் அணைத்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அவள் கேட்டாள்.

"அந்தப் புள்ள இன்னாத்துக்குப் பொய் சொல்லுது? எடம் கெட்ச்சவன் அப்டியா முழிப்பான்?"

சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லிக்கீறீங்க. என்ன ஒரு வார்த்த கேக்கல. கோர்ட்டுலயும் இப்டித்தான் பண்றீங்களா?"

முகம் சுட்டது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் டாக்டரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு தனியாக ரயிலேறிப் பொத்தேரிக்குப் போனாள். அதற்கு முன்னால் தனியாக அவள் பாதி வழியில் வரும் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனைத் தாண்டியதில்லை. மத்தியானம் அவனோடும் இரண்டு பைகளோடும் ஒரு ரைஸ் குக்கரோடும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீடு அவள் பெயரில்தான் இருந்தது, அவள் அப்பா கொடுத்த மனை. போலீஸ் அலுவலகத்துக்கான கடிதத்தை ஆங்கிலத்தில் நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். அனுமதி நீட்டித்துக் கிடைத்தது.

அன்று படிக்கட்டில் அவனை நிறுத்தி, "தப்பு பண்ணிட்டேம்பா. மன்னிச்சுக்க" என்றேன். "நோ ப்ராப்ளம் அட் ஆல், சார்" என்று சிரித்துவிட்டு மேலே போனான்.

ஒன்றரை வருடம் எங்கள் மாடியில் இருந்தான். நான் பயந்த அளவுக்குத் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. தாசில்தார் ஒரு வாரம் முறைத்தார், பிறகு அவருடைய கேஸ் சிலிண்டரை இவன்தான் தூக்கி வைத்தான். பால்காரரோடு, தெருப் பையன்களின் கிரிக்கெட்டில், என் மனைவியோடு அடுப்படியில், எங்கேயும் அவன் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். சங்கத்தின் மைக்கும் அவனிடமே போயிற்று. என் மனைவி பக்கத்தில் இருந்தால் எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தமிழில் பேசுவான். நான் தனியாக எதிர்ப்பட்டால் ஆங்கிலம். "இன்னாப்பா, பரீட்ச எப்டி எழுதுன?" என்பேன். "இட் வென்ட் வெல், சார். தேங்க் யூ ஃபார் ஆஸ்கிங்" என்பான். தவறு இல்லாத, மரியாதைக் குறைவே இல்லாத ஆங்கிலம். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை, ஒரு நாள்கூடத் தமிழுக்குத் திரும்பியதும் இல்லை. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். பிறகு நானும் ஆங்கிலத்திலேயே பேசப் பழகிக்கொண்டேன்.

படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பிய அன்று டாக்ஸி வாசலில் நின்றது. என் மனைவி ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி அவன் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். "அழுவாதக்கா. போனதும் போன் பண்றேன். நீ மாத்திரைய மறக்காம போடு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணிலும் தண்ணீர். பிறகு என் பக்கம் திரும்பி, நிமிர்ந்து, கை நீட்டினான்.

"தேங்க் யூ ஃபார் எவ்ரிதிங், சார்."

கை குலுக்கினேன். டாக்ஸி தெருமுனை திரும்பியது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்ககிட்ட இன்னா சொன்னான்?" என்றாள்.

"எல்லாத்துக்கும் நன்றின்னு சொன்னான்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அத எதுக்கு உங்களுக்கு மட்டும் இங்கிலீசுல சொன்னான்?"